மிச்சம் எங்கே போகும்?

இயக்குநர் அறையின் கதவு சின்னது, பெயர்ப்பலகை பெரியது. ‘தோரோன்பெக் ஓர்மோனொவிச் சோய்பெகோவ்’ என்பது வரை கதவுக்குள் அடங்கியிருந்தது. அதற்குப் பின்னால் வந்த ‘தொழில்நுட்ப முனைவர், நீரியல் கழக முழு உறுப்பினர், உழைப்பு வீரர் பதக்கம் வகுப்பு 2’ எல்லாம் இடம் போதாமல் சுவருக்குத் தாவியிருந்தன. கதவைத் திறந்தால் மனிதர் உள்ளே போய்விடுவார், பட்டங்கள் மட்டும் வெளியே நிற்கும்.

கூபாட் அதைப் படித்து முடிப்பதற்குள் அவன் வாயில் போட்டிருந்த உப்புத் தயிர் உருண்டை கரைந்தே போய்விட்டது.

“எஜே, உள்ள இருக்கறது ஒரு ஆளா, ஒரு கமிட்டியா?”

“தட்டு,” என்றாள் சாய்கால்.

ஓஷ் நகரில் அவளை எஜே என்று, அதாவது அக்கா என்று, கூப்பிடாதவர்கள் குறைவு. போலீசில் கம்ப்யூட்டர் குற்றப் பிரிவில் இருந்தவள். ஒரு வழக்கில் குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் மேலதிகாரியின் மருமகன் என்பதைத்தான் கண்டுபிடிக்கத் தவறிவிட்டாள். அன்றிலிருந்து சொந்தமாகத் துப்பறியும் தொழில். கூபாட் அதற்கு முன் ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்து சொல்பவன்.

விஷயம் இதுதான். ஆக்-தெரெக் அணையின் நாலாம் மதகு செவ்வாய்க்கிழமை காலையில் திறந்துகொண்டது. அந்த நேரம் அதன் சுரங்கத்துக்குள் பராமரிப்பு மேஸ்திரி சாகினாலி நின்றுகொண்டிருந்தார். அவர் உடல் கீழே ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டிக் கிடைத்தது. மதகைத் திறந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அய்ஸிரெக் என்ற இளம்பெண். கொலை என்று வழக்கு. அவளைக் காப்பாற்றச் சொல்லி சாய்காலிடம் வந்தவள் அவளுடைய உறவுக்காரி இல்லை. செத்துப்போனவரின் மனைவி. “அந்தப் பொண்ணு என் புருஷனுக்கு முதல் தட்டு பலகாரம் வெச்சவ. அவ செய்யல,” என்று மட்டும் சொல்லிவிட்டு அழாமல் எழுந்து போய்விட்டாள்.

உள்ளே தோரோன்பெக் ஓர்மோனொவிச் எழுந்து நின்று வரவேற்றார். ரிப்பன் வெட்டப் போகிறவர் மாதிரி. ஓரத்தில் கேப்டன் நாஸிர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் அவளை ஓஷ் ஜெயிலுக்குக் கொண்டுபோறேன்,” என்றார் கேப்டன். “அதுவரைக்கும் நீங்க யார்கிட்ட வேணா பேசிக்கங்க.”

“சாப்பாடு என்ன?” என்றான் கூபாட்.

“லக்மான்.”

“அப்போ நமக்கு நேரம் இருக்கு எஜே. லக்மானோட நீள நூடுல்ஸை யாரும் அவசரமா சாப்பிட முடியாது.”

துணை இயக்குநர் தாலாய் கெட்டிலோடு வந்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, குனிந்த தோள், குரலே எழும்பாத மனிதர். கிண்ணங்களில் கால்வாசி மட்டும் டீ ஊற்றினார். விருந்தாளிக்கு மரியாதை கூடக்கூட டீ குறையும். கூபாட்டின் கிண்ணத்தில் அடிப்பாகம் மட்டும் நனைந்திருந்தது.

“இவ்வளவு மரியாதை நான் எதிர்பார்க்கல பாய்கே,” என்றான் கூபாட், அண்ணன் முறை வைத்து. “கொஞ்சம் அவமரியாதை பண்ணினா தொண்டை நனையும்.”

தாலாய் சிரித்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நல்ல மனிதர் என்று கூபாட் முடிவு செய்தான்.

இயக்குநர் பேச ஆரம்பித்திருந்தார். “நம்ம கட்டுப்பாட்டு புரோகிராம் இந்த நாட்டுக்கே முன்மாதிரி. மூணு கேள்விதான் கேக்கும். யார் நீ? எந்த மதகு? நிச்சயமா? அவ்வளவுதான். முன்னாடி இருந்த புரோகிராம்ல யாராவது நீளமா எதையாவது தட்டினா, எழுத்து வரம்பு மீறி வழிஞ்சு உள்ள இருக்கற மத்த விஷயங்களைக் கெடுத்துடும். நான் வரம்பு போட்டேன். முப்பத்திரண்டு. அதுக்கு மேல ஒரு எழுத்து உள்ள நுழையாது. பாதுகாப்பான உள்ளீடு. என் முனைவர் பட்டமே அதுக்குத்தான்.”

“நுழையாத எழுத்து எங்க போகும்?” என்றாள் சாய்கால்.

“எங்கயும் போகாது. நுழையாது.”

“வாசல்லயே நிக்குமா, வீட்டுக்குத் திரும்பிப் போயிடுமா?”

இயக்குநரின் முகத்தில் முனைவர் பட்டம் ஒரு கணம் தள்ளாடியது. தாலாயைப் பார்த்தார்.

“மிச்சம் தானா அழிஞ்சுடும்னு நினைக்கிறேன்,” என்றார் தாலாய் மெதுவாக. “எப்படியும் இந்த வழக்குல அது வராது எஜே. அய்ஸிரெக் பேரையும் நிலையையும் சேர்த்து எண்ணினாலும் இருபத்தி மூணு எழுத்துதான்.”

“நிலை எதுக்கு?”

“என் ஆணை,” என்றார் இயக்குநர். “புத்தாண்டுல இருந்து. வேலைக்கு உக்கார்றவங்க முழுப் பேரு, தகப்பன் பேரு, கடைசில தொழில் நிலை, எல்லாம் தட்டணும். நான் வந்தப்போ ஆளாளுக்கு செல்லப்பேரைத் தட்டிட்டு உக்காந்திருந்தாங்க. இது என்ன, சந்தையா?”

சாய்கால் தன் கால்வாசி டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். “நாலாம் சுரங்கத்தைப் பார்க்கணும்.”

சுரங்கம் அணையின் அடிவயிற்றில் இருந்தது. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம். தூரத்தில், ஏரிப் பக்கம், இரும்பு மதகு இறங்கி அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் மலைப்பனி உருகிச் சேர்ந்த தண்ணீர் முழுவதும் நின்றது. சத்தம் எதுவும் இல்லை. அதுதான் கூபாட்டுக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு பெரிய மிருகம் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“முன்னாடியெல்லாம் உள்ள வர்றவங்க மதகுச் சக்கரத்துல சங்கிலி போட்டுப் பூட்டிட்டு வருவாங்களாம்,” என்றாள் சாய்கால். “இயக்குநர் சங்கிலியை எடுத்துட்டார். போட்டோல பார்க்க நவீனமா இல்லையாம்.”

“இதை நீங்க வெளியில சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ வந்திருக்க மாட்ட.”

சுவரில் ஒரு பலகை பதித்திருந்தது. ‘பழுது முற்றிலும் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி, கீழே இயக்குநரின் பெயரும் பட்டங்களும் பதக்கமும். கூபாட் டார்ச்சை அடித்துச் சிரித்தான். “இங்க எலி கூடப் படிக்க வராது. அதுக்கும் பதக்கத்தைக் காட்டியாகணும்.”

சாய்கால் அந்தப் பட்டங்களைப் பார்க்கவில்லை. பலகையின் மூலையில் சின்னதாக, கூச்சப்பட்டுக்கொண்டு எழுதியது போல, இன்னொரு வரி இருந்தது. மேற்பார்வை: தாலாய்.

“அந்தச் சுவரைத் தொடு,” என்றாள்.

பலகைக்குப் பக்கத்தில் பூச்சு மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. கூபாட் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போனது. ரொட்டி மாவில் போவது போல. வெளியே எடுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்ணீர் வந்தது. பனிக்கட்டிபோல் குளிர்ந்த தண்ணீர். அது நிற்கவில்லை.

“சாகினாலி தினமும் காலைல இங்க வந்து இதைத்தான் பார்த்துட்டு இருந்தார்,” என்றாள் சாய்கால். “வெள்ளிக்கிழமை தலைநகர்ல இருந்து கமிஷன் வருது. அவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டப் போறதா வீட்டுல சொல்லியிருக்கார்.”

“கீழ எத்தனை வீடு இருக்கு எஜே?”

“வெளியில போயிடலாம்,” என்றாள் அவள்.

அய்ஸிரெக்கை உணவுக்கூடத்தின் பின்னால், உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கிய அறையில் வைத்திருந்தார்கள். இரண்டு நாளாகத் தூங்காத கண். கூபாட்டின் தயிர் உருண்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“நான் பேரைத்தான் எஜே தட்டினேன். ஆணையில இருக்கற மாதிரி. அய்ஸிரெக் ஷம்ஷிதின் கிஸி, நாலு. என்டர் தட்டினேன். அப்புறம் அது என்னைக் கேக்கவே இல்ல. கேள்வி வந்துச்சு, நான் கையை வைக்கறதுக்குள்ள அதுவே போயிடுச்சு. அடுத்த கேள்வி. அதுவும் போயிடுச்சு. அப்புறம் சைரன்.”

“நாலுன்னா?”

“என் நிலை.” அந்த நேரத்திலும் அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. “திங்கக்கிழமைதான் மூணுல இருந்து நாலாம் நிலைக்கு ஏத்தினாங்க. எட்டு வருஷமா மூணுலயே இருந்தேன். எங்க அம்மா போர்சோக் பொரிச்சுக் கொடுத்து விட்டாங்க. எல்லாருக்கும் கொடுத்தேன். சாகினாலி பாய்கேக்குத்தான் முதல்ல. அவர் ‘நாலு உனக்கு லேட்டு பொண்ணே’ன்னார்.”

“உனக்குப் பரிந்துரை பண்ணினது யாரு?”

“தாலாய் பாய்கே. அவர் ரொம்ப நல்லவர்.”

“கம்ப்யூட்டர் இப்படி உன்னைக் கேக்காம ஓடினது இதான் முதல் தடவையா?”

அய்ஸிரெக் மூட்டைகளைப் பார்த்தாள். “ஆமா.”

அந்த ‘ஆமா’ வருவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. சாய்கால் அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததைக் கூபாட் கவனித்தான். அய்ஸிரெக் மட்டும் தன் கையிலிருந்த உருண்டையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே உணவுக்கூட மேஜையில் சாய்கால் ஒரு கெட்டில் டீயும் இரண்டு கிண்ணமும் கேட்டு வாங்கினாள். கேப்டன் நாஸிர் தூரத்தில் லக்மான் நூலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தட்டில் பாதி தீர்ந்திருந்தது.

“எஜே, அந்தப் பொண்ணுக்கும் ஜெயிலுக்கும் நடுவுல பாதித் தட்டு நூடுல்ஸ்தான் இருக்கு. டீ அப்புறம் குடிக்கலாமே.”

“இந்தக் கிண்ணம் பேர் கேக்கற கேள்வி,” என்றாள் சாய்கால், முதல் கிண்ணத்தில் ஊற்றியபடி. “பழைய புரோகிராம் மடையன். ஊத்திட்டே இருந்தா வாங்கிட்டே இருக்கும். வழிஞ்சு மேஜை, துணி, எல்லாம் பாழாகும். நம்ம முனைவர் அதுக்கு வரம்பு போட்டார். கிண்ணம் நிறைஞ்சதும் நிறுத்திடுது. ரொம்ப சரி. வழியல. மேஜை காஞ்சு இருக்கு. எல்லாரும் கைதட்டினாங்க.”

“சரி.”

“ஆனா நான் ஊத்த வேண்டியதை இன்னும் ஊத்தி முடிக்கல. மிச்சம் எங்க இருக்கு?”

“கெட்டில்ல. மூக்குல வந்து நிக்குது.”

“அவர் கெட்டிலை காலி பண்ணச் சொல்லல. அப்படியே விட்டுட்டார்.” அவள் இரண்டாவது கிண்ணத்தை மூக்கின் அடியில் தள்ளினாள். டீ தானாக அதில் விழுந்தது. “இது ரெண்டாவது கேள்வி. எந்த மதகு? யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. பேர்ல மிச்சம் இருந்தது வந்து விழும். வார்த்தையா இருந்தா மதகு எண் இல்லன்னு துப்பிடும். எண் வந்தா விழுங்கிடும். கடைசில அவ தட்டின என்டர் ஒண்ணு பாக்கி நிக்குது. மூணாவது கேள்வி, நிச்சயமா? வெறும் என்டர்னா ஆமான்னு அர்த்தம்.”

கூபாட் கிண்ணத்தையே பார்த்தான். “நாலுங்கறது அவளோட நிலை. அது போய் மதகா விழுந்துடுச்சு.”

“அவ என்ன தட்டினாளோ அதைத்தான் அது செஞ்சுது. அவ சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.”

“ஆனா இருபத்தி மூணு எழுத்துதான்னு சொன்னாரே. வரம்பு முப்பத்திரண்டு.”

“போன வருஷம் புது மெஷின் வாங்கினாங்க. இந்த மெஷின்ல இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு இடம் போதும். நம்ம எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு இடம். முனைவர் எழுத்தை எண்ணினார். மெஷின் இடத்தை எண்ணுது. அவ பேரும் தகப்பன் பேரும் சேர்ந்தே முப்பத்திரண்டையும் தின்னுடுச்சு. மகள்ங்கற ‘கிஸி’யும் அந்த நாலும் வெளியில நின்னுடுச்சு. பேர் சின்னதா இருக்கறவங்களுக்கு எல்லாம் உள்ளயே அடங்கிடும்.”

“அப்போ இது விபத்து. போய் கேப்டன்கிட்ட சொல்லுவோம், அவரும் நிம்மதியா சூப்பைக் குடிப்பார்.”

“விபத்துன்னா அவளுக்குக் கவனக்குறைவுன்னு அஞ்சு வருஷம்,” என்றாள் சாய்கால். “அதோட இது விபத்து இல்ல. எட்டு வருஷம் மூணாம் நிலையில இருந்தவ. அந்த ஆணை புத்தாண்டுல வந்துச்சு. அப்போ அவ மூணுன்னுதானே தட்டியிருப்பா? மூணாம் மதகு ஏன் திறக்கல?”

கூபாட் இரண்டாவது கிண்ணத்தை எடுத்துக் குடித்தான்.

“உன்கிட்ட ஒரு உதவி வேணும்,” என்றாள் அவள். குரல் மிகவும் இனிமையாக இருந்தது. ஆறு வருட அனுபவத்தில் கூபாட் அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பான்.

இரண்டாம் சுரங்கமும் நாலாம் சுரங்கம் மாதிரியேதான். அதே இருட்டு, அதே இரும்பு, அதே மூச்சு அடக்கிய மிருகம். கூபாட் நடுவில் நின்றான். கையில் வாக்கி-டாக்கி. அதன் ஜோடி மேலே கட்டுப்பாட்டு அறை மேஜையில், பேசும் பொத்தானை டேப் போட்டு ஒட்டி, ஒரு தொப்பியின் கீழே இருந்தது. எல்லாம் கேட்டது.

“தோரோன்பெக் ஓர்மோனொவிச், உங்க ஆணைப்படி எப்படி உள்ள நுழையணும்னு கேப்டனுக்கு ஒருதடவை காட்டுங்க,” என்றது சாய்காலின் குரல். “அய்ஸிரெக் சொல்றது பொய்ன்னு நிரூபணம் ஆயிடும். என் ஆள் கூபாட் ரெண்டாம் சுரங்கத்துல அளவெடுத்துட்டு இருக்கான். அவனால உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

‘எதை அளவெடுக்கறேன், என் சவப்பெட்டியையா?’ என்று கூபாட் நினைத்துக்கொண்டான்.

நாற்காலி முனகியது. இயக்குநர் உட்கார்ந்தார். “கவனிங்க கேப்டன். பேர்.” விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, சிற்பி உளி வைப்பது போல. தட்டத்தட்ட வாய்விட்டும் சொல்லிக்கொண்டே போனார். “தோரோன்பெக்… ஓர்மோனொவிச்… சோய்பெகோவ்… எனக்குத் தொழில் நிலை கிடையாது, நான் இயக்குநர். அதுக்குப் பதிலா என் தகுதிகள். தொழில்நுட்ப முனைவர்… நீரியல் கழக முழு உறுப்பினர்…”

அந்த நேரத்தில்தான் இன்னொரு குரல் வந்தது. எப்போதும் எழும்பாத குரல். இப்போது எழும்பியது.

“ஐயா, பேர் மட்டும் போதும்.”

“என்ன?”

“மிச்சம் வேண்டாம் ஐயா. பேரோட நிறுத்திக்கங்க. அழிச்சுட்டு மறுபடியும் தட்டுங்க.”

“ஏன் வேண்டாம் தாலாய்?” என்றாள் சாய்கால். “அவர் தப்பா எதுவும் தட்டலையே. மிச்சம் தானா அழிஞ்சுடும்னு நீங்கதானே சொன்னீங்க.”

காலடிச் சத்தம் ஒன்று நாற்காலிப் பக்கம் விரைந்தது.

“என் பதக்கத்துல குறைக்கறதுக்கு என்னய்யா இருக்கு?” என்றார் இயக்குநர், நிஜமாகவே புண்பட்டு. “உழைப்பு வீரர்… வகுப்பு… ரெண்டு.”

“என்டரைத் தட்டாதீங்க,” என்றார் தாலாய்.

தட்டிவிட்டார்.

கூபாட்டின் தலைக்கு மேலே சைரன் அலறியது. சுரங்கம் முழுவதும் அந்தச் சத்தம் முட்டி மோதிக்கொண்டு திரும்பியது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொப்பையை மறந்து ஓடினான். கால் வழுக்கியது. முழங்கால் அடிபட்டது. எழுந்து ஓடினான். தண்ணீர் முதுகில் அறையும் என்று ஒவ்வொரு அடியிலும் காத்திருந்தான். வெளிச்சத்துக்கு வந்து புல்லில் குப்புற விழுந்து திரும்பிப் பார்த்தான். இரண்டாம் சுரங்கத்தின் வாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அவன் கட்டுப்பாட்டு அறைக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மேஜை மேல் பீங்கான் ஃபியூஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டாம் மதகு மோட்டாருடையது. சாய்கால் அதைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் வைத்திருந்திருக்கிறாள்.

“இதையும் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்றான் கூபாட் மூச்சு வாங்க.

“சொல்லியிருந்தா நீ நிம்மதியா சிரிச்சுட்டே கீழ போயிருப்ப. உன் முகத்துல பயம் இல்லன்னா இது நாடகம்னு தாலாய்க்குத் தெரிஞ்சிருக்கும்.”

திரையில் இயக்குநரின் பட்டங்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டிருந்தன. ‘முனைவர்: அப்படி ஒரு மதகு இல்லை.’ ‘முழு: அப்படி ஒரு மதகு இல்லை.’ ‘வீரர்: அப்படி ஒரு மதகு இல்லை.’ அதன் கீழே, ‘2: திறக்கப்படுகிறது.’ தோரோன்பெக் ஓர்மோனொவிச் தன் வாழ்நாளில் யாரும் தன்னிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை என்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மெஷின்ல இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு இவருக்குத் தெரியாது,” என்றாள் சாய்கால் கேப்டனிடம். “தெரிஞ்சிருந்தா ஒரு ஆள் கீழ நிக்கறப்போ பதக்கத்தைத் தட்டியிருக்க மாட்டார். பெருமை அடிக்கறவர்தான், கொலைகாரர் இல்ல. அய்ஸிரெக்குக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள், என்டர் விழறதுக்கு முன்னாடியே நிறுத்துன்னு சொன்னவர். என் ஆள் மேல இரக்கமில்ல. ரெண்டாவது தடவை நடந்தா முதல் தடவை எப்படி நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“நான் பயத்துல சொன்னேன்,” என்றார் தாலாய். “கீழ ஆள் இருக்கே, எதுக்கு வீண் சோதனைன்னு.”

“அய்ஸிரெக்கைக் கூப்பிடுங்க,” என்றாள் சாய்கால்.

கான்ஸ்டபிள் அவளைக் கூட்டி வந்தார். அவள் திரையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதேதான் எஜே. இப்படியேதான் ஓடிச்சு.”

“முதல் தடவை எப்போ?”

இந்தத் தடவை அவள் மூட்டைகளைத் தேடவில்லை. தாலாயைப் பார்த்தாள். “சொல்லலாமா பாய்கே?” என்று கேட்டாள். அவ்வளவு மரியாதையாக.

தாலாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“புத்தாண்டுல,” என்றாள் அவள். “ஆணை வந்த அன்னிக்கு. முழுப் பேரும் மூணும் தட்டினேன். அதுவா ஓடிப்போய், மூணாம் மதகு பழுது, திறக்க முடியாதுன்னு சொல்லிச்சு. மூணை பல வருஷம் முன்னாடியே வெல்டிங் பண்ணி அடைச்சுட்டாங்க. நான் பயந்துபோய் தாலாய் பாய்கேகிட்ட சொன்னேன். அவர் உக்காந்து ரொம்ப நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். ‘நான் சரிபண்றேன், அதுவரைக்கும் நீ வெறும் பேரை மட்டும் தட்டு, வெளியில சொல்லாத, மெஷினை நீதான் கெடுத்தன்னு சொல்லிடுவாங்க’ன்னார். திங்கக்கிழமை நிலை உயர்வு கொடுத்தப்போ, ‘இப்போ எல்லாம் சரியாயிடுச்சு, நாளைல இருந்து முழுசா தட்டு, புது நிலையோட’ன்னார். அதான் கேப்டன்கிட்ட சொல்லல. எனக்கு இவ்வளவு செஞ்சவரை எப்படி மாட்டிவிடறது?”

ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது.

“நாலாம் சுரங்கத்துல விரிசல் இருக்கு,” என்றாள் சாய்கால். “அதைச் சரிபண்ணினதா மேற்பார்வைக் கையெழுத்து போட்டவர் இவர். சரிபண்ணல, பூசிட்டார். சாகினாலி அதைக் கமிஷனுக்குக் காட்டப்போறார். சாகினாலி தினமும் காலைல, ஆள் மாத்தற நேரத்துல, அந்தச் சுரங்கத்துலதான் நிப்பார். நாலாம் மதகைத் திறக்க இவர் கை வைக்க வேண்டியதில்ல. இந்தப் பொண்ணை மூணுல இருந்து நாலுக்கு ஏத்தினா போதும்.”

கேப்டன் நாஸிர் கைதுடைக்கும் தாளால் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சாப்பாடு முடிந்திருந்தது. ஓஷுக்கு ஆள் கொண்டுபோகும் நேரம் அது. ஆள் மட்டும் மாறியிருந்தது.

தாலாய் எதிர்க்கவில்லை. கதவருகே நின்று, தன் வழக்கமான தணிந்த குரலில், “வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும்னு நினைச்சேன்,” என்றார். எது தாங்கும் என்று சொல்லவில்லை. கூபாட் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அது இன்னும் ஈரமாக இருப்பது போலிருந்தது.

“எஜே, நான் போட்ட ஓட்டையில தண்ணி நிக்கவே இல்ல,” என்றான்.

“தெரியும். கீழ ஊர்ல எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன். ஏரியை இறக்கியாகணும். இப்பவே. ஒண்ணாம் மதகு வழியா, கொஞ்சம் கொஞ்சமா.” இயக்குநரைப் பார்த்தாள். “யார் செய்வா?”

தோரோன்பெக் ஓர்மோனொவிச் நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றார். நாற்காலி இப்போது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. “எனக்கு… இயக்கத் தெரியாது,” என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

அய்ஸிரெக் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அப்போ அந்த நாலாம் நிலை,” என்றாள் சாய்காலிடம். “அது என் வேலைக்காகக் கொடுத்தது இல்லையா?”

சாய்கால் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. தொழிலே அதில்தான் பாதி. ஆனாலும் பொய் சொல்லாமல், காலியாக இருந்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

“இல்ல,” என்றாள். “ஆனா இந்த அறையில இந்த ஏரியை இறக்கத் தெரிஞ்ச ஆள் இப்போ நீ ஒருத்திதான்.”

அய்ஸிரெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாகினாலியைக் கொன்ற அதே விசைப்பலகை. விரல் முதல் எழுத்தின் மேல் போய், பின்வாங்கி, மறுபடி போனது. தன் பெயரை மட்டும் தட்டினாள். தகப்பன் பெயர் இல்லை, நிலை இல்லை. என்டர் தட்டிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். நெருப்பைத் தொட்டவள் மாதிரி.

எந்த மதகு? என்று திரை கேட்டது.

கேட்டுவிட்டு நின்றது. கூபாட் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். அது ஓடவில்லை.

அய்ஸிரெக் ‘1’ விசையின் மேல் கையை இறக்கினாள்.